ஓநாய்க்கு ஒரு கதவு

– ஓநாய உள்ள விடாதே, வில்ஃப் கார்சைடு. செத்த பிறகாவது அந்த மான் நிம்மதியா இருக்கட்டும்.

– உங்களைக் கேக்கல, ஸ்டப்ஸ் சார். ஹாலம் சார், நீங்க சொல்லுங்களேன். என் பொண்ணு மெய்சிக்கு அனுப்புற கதைய முடிச்சாகணும்.

– எட்டரைக்குத்தான் கடிதத்தை வாங்கிக்குவேன். நிதானமா எழுது வில்ஃப். முட்டை ஆறிப்போகுது, பாரு. ஒரு வாய் சாப்பிடு.

– இறங்காது சார்.

– ஊருக்கெல்லாம் ரேஷன்ல வாரத்துக்கு ஒரு முட்டை. ஒம்பது மணிக்குத் தூக்குல தொங்கப் போறவனுக்கு ரெண்டு! இங்க தள்ளு, நான் திங்கிறேன்.

– ஸ்டப்ஸ்! வாயை மூடு.

– பரவால்ல சார். மூணு வாரமா ராத்திரி பகல் என் கூடவே காவல் இருக்கார், டோமினோல ஒரு ஆட்டம் ஜெயிக்க விட்டதில்ல. அவர் குணம் அது. மெய்சி என்ன கேட்டிருக்கான்னு மறுபடி படிக்கவா?

– படி.

– 'அப்பா, மான் அம்மாவைக் கொன்னு, ராஜாவையும் கடிச்ச ஓநாய் அழுதுச்சு, ராஜா மன்னிச்சிட்டார், சரி. ஆனா ராஜாவோட தேசத்துல மான் அம்மா ஏற்கெனவே இருக்காளே. ஓநாய் உள்ள வந்தா அவ மறுபடி பயப்பட மாட்டாளா?'

– ஒம்பது வயசுப் பொண்ணா இது? நம்ம பாதிரியாருக்கே தோணாதே.

– அவரையும் கேட்டேன் சார். ஆண்டவருக்குப் பக்கத்துச் சிலுவைல தொங்கின கள்ளனுக்கே பரலோகத்துல இடம் கிடைச்சுது, உனக்குக் கிடைக்காதான்னார். கள்ளன் கதை எனக்கும் தெரியும். அவன் கொன்ன ஆளு யாராவது அங்க உக்காந்திருந்தாங்களா, இவனைப் பாத்து எழுந்து ஓடினாங்களா? அதை யாரும் எழுதி வைக்கலையே.

– உன் பொண்டாட்டி டோரா உக்காந்திருப்பா. கழுத்துல உன் பத்து விரல் அடையாளத்தோட.

– தெரியும் ஸ்டப்ஸ் சார். கண்ணை மூடினா அதுதான்.

– ஓநாய் யாருன்னு மெய்சிக்குத் தெரியுமா?

– அவ கேக்கல சார், நானும் சொல்லல. ஆனா அவ இப்ப இருக்குற பெரியம்மா வீட்டுல எல்லாரும் சத்தமாப் பேசுறவங்க. தெரியாம இருக்குமா?

– அப்ப இது கதையப் பத்தின கேள்வி இல்லப்பா.

– இல்லதான். 'நீ அம்மா இருக்குற இடத்துக்குப் போகலாமா'ன்னு கேக்குறா. ஆமான்னு எழுதினா, டோராவை ரெண்டாவது தடவை கொன்ன மாதிரி. இல்லைன்னு எழுதினா, அந்தப் பிள்ளைக்கு அப்பான்னு நினைச்சுக்கக்கூட ஒருத்தன் மிஞ்ச மாட்டான். எனக்குப் பயமா இருக்கு சார். கயித்தை விட இதுதான் பயமா இருக்கு.

– என்னத்துக்கு இவ்வளவு யோசனை? ராஜா ஈட்டிய எடுத்து ஒரே குத்து, ஓநாய் காலி. கெட்டது சாகணும், அப்பத்தான் அது கதை. லண்டன்ல இருக்குற ராஜா உன் கருணை மனுவுக்கு என்ன பதில் அனுப்பினார்? மன்னிப்பு இல்லைன்னுதானே?

– அதான் நிஜத்துல நடக்குதே, ஸ்டப்ஸ் சார். கதைலயும் அதையே எழுதணுமா?

– மணி எட்டு இருபது, வில்ஃப்.

– இருங்க... கிடைச்சிருச்சு. கேளுங்களேன். ராஜா ஓநாயக் கதவு வரைக்கும் கூட்டிட்டு வர்றார். ஆனா அவர் திறக்கல. 'என்னை நீ கடிச்சதை நான் மன்னிச்சிட்டேன். இந்தக் கதவை மட்டும் உள்ளேருந்து அவதான் திறக்கணும்'னு சொல்றார். ஓநாய் வாசல்ல படுத்துக்குது. ராஜாவும் உள்ள போகல. பனில அது பக்கத்துலயே உக்காந்துட்டார்.

– மான் திறக்குமா?

– அதை எழுதல சார். மெய்சி பெரியவளாகி அவளே எழுதிக்கட்டும்.

– நல்லா இருக்குப்பா. நெஜமாவே நல்லா இருக்கு.

– கதவு எங்க இருக்கு, எழுத்தாளரே?

– மலைக்கு அந்தப் பக்கம். நெடுந்தூரம், வானத்தைப் பாத்துக்கிட்டே ஓநாய் நடக்கணும். நானும் அப்படித்தானே முற்றத்தைத் தாண்டித் தூக்குமேடைக்குப் போகப் போறேன்? மூணு நாள் முன்னாடியே மெய்சிக்கு எழுதிட்டேன். 'வெள்ளிக்கிழமை காலைல ஒம்பது மணிக்குத் தோட்டத்துல நின்னு மேல பாரு கண்ணு. அந்த நேரம் அப்பாவும் அதே வானத்தைத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்'னு.

– மலைக்கு அந்தப் பக்கமாம்! கொஞ்சம் பக்கத்துல வையேன்யா!

– எதுக்கு சார் இப்படிச் சிரிக்கிறார்?

– அவன் கிடக்கிறான். உறைய ஒட்டிக் கொடு.

– இந்தாங்க சார், ஒட்டியாச்சு.

– சரி. டீயக் குடி. இன்னும் நேரம் இருக்கு. ஒரு ஆட்டம் போடலாம், வா.

– ஹாலம் சார்! இந்தத் தடவை நான் ஜெயிச்சிட்டேன், பாத்தீங்களா?... ஒம்பது மணி அடிக்குது. வெளில மழையா? கோட்டு போட்டுக்கவா?

– கோட்டு வேண்டாம்பா. எழுந்திரு. ஸ்டப்ஸ், அந்தப் புத்தக அலமாரியத் தள்ளு.

– அலமாரியவா? பின்னால சுவர்தானே சார்?

– கதவு, எழுத்தாளரே! உள்ள பத்தடில கயிறு தொங்குது. மூணு வாரமா அதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தான் நீ கதை எழுதினே.

– அப்ப முற்றம்? வானம்? ஹாலம் சார், மூணு நாள் முன்னாடி அந்தக் கடிதத்தைப் படிச்சுப் பாத்து, நல்லா எழுதியிருக்கேன்னு சொல்லி நீங்கதானே தபால்ல போட்டீங்க? மெய்சி இப்ப மேல பாத்துக்கிட்டு நிப்பாளே, சார்?