அஞ்சாம் நம்பர் கால்

...கால் ஆணியை வேரோட எடுத்தாச்சுன்னு சொன்னாரே, அப்புறம் எப்படித் தம்பி திரும்ப மொளைக்கும்? நீங்களே சொல்லுங்க! டாக்டருக்குப் படிச்ச மனுஷன்! அறுத்ததைத் தட்டுல வெச்சு வேற காட்டினார். ஒரு மிளகு அளவு இருக்கும். இத்துனூண்டு! இதுக்கா நான் ஒரு வருஷமா அம்மா அப்பான்னு கத்தினேன்னு எனக்கே வெக்கமாப் போச்சு.

இல்ல இல்ல, அஞ்சாம் நம்பர் செருப்பே எடுங்க. எனக்கு எப்பவும் அஞ்சுதான். கால்ல அளவெல்லாம் எடுக்க வேணாம், கூசும்.

அந்த ஊசி இருக்கே, ஐயோ! கால் மரத்துப் போறதுக்காம். உள்ளங்கால்ல தம்பி, நடு உள்ளங்கால்ல! கால் ஆணியே தேவலைன்னு ஆயிடுச்சு. நான் போட்ட சத்தத்துல, பக்கத்து ரூம்ல பல்லு புடுங்க உக்காந்திருந்த ஆளு எழுந்து ஓடிட்டாராம்.

வீட்டுக்கு வந்து கட்டோட படுத்திருக்கேன். எங்க நாத்தனார்கிட்ட யாரோ ஆபரேஷன்னு மட்டும் சொல்லியிருக்காங்க. ஒரு பை ஆப்பிளோட அலறி அடிச்சுக்கிட்டு ஓடி வந்தா. என்ன அண்ணி, எங்க அண்ணின்னு ஒரே அழுகை. கால் ஆணிம்மான்னேன். சட்டுன்னு அழுகை நின்னுடுச்சு. போறப்போ அந்தப் பையையும் தூக்கிட்டே போயிட்டா! ஒரு பழமாவது வெச்சிட்டுப் போயிருக்கலாம்ல? கால் ஆணின்னாலும் அறுத்தா வலிக்கத்தானே செய்யும்?

ரெண்டு தடவை அறுத்தாச்சு தம்பி. இப்ப அதே எடத்துல மறுபடியும். டாக்டர் என்ன சொல்றார் தெரியுமா? "அடுத்த தடவை இதே செருப்போட வந்தீங்கன்னா காலை விட்டுட்டுச் செருப்பைத்தான் அறுப்பேன்"ங்கிறார். கொழுப்பைப் பாருங்க! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். இவருக்கு அறுக்கத் தெரியல, என் செருப்பு மேல பழி!

ஆங், கொண்டாங்க.

...கொஞ்சம் கிட்ட வாங்க. வாசல்ல செல்போனை நோண்டிக்கிட்டு உக்காந்திருக்காரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர். கல்யாணமான புதுசுல ஆசையா ஒரு செருப்பு வாங்கிட்டு வந்தார். அஞ்சாம் நம்பர். "உனக்குப் பூ மாதிரி கால்"னார். போட்டதுமே கடிச்சுது பாருங்க, பொலபொலன்னு கண்ணுல தண்ணி. ஆனந்தக் கண்ணீர்னு நெனச்சு அவரும் கண்ணைத் தொடச்சுக்கிட்டார்! அதுக்கப்புறம், இல்லைங்க, எனக்கு ஏழுன்னு எந்த வாயால சொல்றது? அன்னைக்கு மூடின வாய்தான். அந்தாளு முன்னாடி இன்னி வரைக்கும் அஞ்சுதான். கால் போனாலும் பரவாயில்ல, அந்தப் பூ போயிடக் கூடாதுன்னு...

அட! உள்ள போயிடுச்சே! வெரல் ஆடுது தம்பி! வலிக்கவே இல்ல! அஞ்சா இது? பாத்தீங்களா, பாத்தீங்களா, என் கால் அஞ்சேதான்! அந்த டாக்டர்கிட்ட கொண்டுபோய்க் காட்டணும்... இருங்க. அடியில என்ன ஸ்டிக்கர் உரியுது?

ஏழா?

யாரு இது மேல அஞ்சு ஒட்டினது? ஏன் முழிக்கிறீங்க? ஏன் வாசலைப் பாக்கறீங்க?

...அவரா? நேத்தே வந்து சொல்லிட்டுப் போனாரா?

அடப்பாவி மனுஷா! அதான் காலையிலேருந்து இந்தக் கடைக்குத்தான் போகணும்னு ஒத்தக்கால்ல நின்னாரா! எப்பலேருந்து தெரியுமாம்? ...வேணாம், வேணாம், சொல்லாதீங்க.

அந்த ஸ்டிக்கரை நல்லா அழுத்தி ஒட்டிடுங்க தம்பி. நான் பாக்கல. நீங்களும் பாக்கல.

ஏங்க! இங்க வாங்களேன்! அஞ்சாம் நம்பர் எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க!