அரைஞாண் முடிச்சு

அறுந்த நூலைக் கண்டால் என் கை சும்மா இருக்காது, ஐயா. ஜலகண்டாபுரத்தில் எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அருணகிரி தறியில் ஓர் இழைகூட அறுந்து தொங்காது என்பார்கள்.

அன்று புதுப் பாவு, அதாவது தறியில் நெடுக்காக ஓடும் நூல், பிணைத்துக்கொண்டிருந்தேன். பழைய பாவின் இழை ஒவ்வொன்றோடும் புது இழை ஒன்றைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். சாம்பல் இல்லாவிட்டால் நூல் வழுக்கும். தம்பி காளியண்ணன் எதிரே உட்கார்ந்து இழை எடுத்துக் கொடுப்பான். அன்றைக்கு அவன் தறிப்பக்கமே வரவில்லை. வெளுத்த வேட்டியும் துணிமூட்டையுமாகக் கொல்லையில் நின்று கூப்பிட்டான். போனேன்.

"மேட்டூர் மில்லுல ஆள் எடுக்கறாங்கண்ணா. நானும் கந்தம்மாளும் போறமுங்க."

"சேலைக்குக் கரை கோத்து நெய்ய ரெண்டு பேர் வேணுமே, சாமி. நான் ஒருத்தன் என்ன பண்ணுவேன்?"

சிரித்தான். "உங்க காலு ரெண்டும் தறிக்குழிக்குள்ள வேர் உட்டுப்போச்சுங்கண்ணா. எனக்கு இன்னும் உடலீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே வாய்த்துடுக்கு. பெற்றவர்கள் போனபின் நான்தான் வளர்த்தேன். அவனுக்காகவே கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. திரும்பி நடந்தவனைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். கைக்கு அரைஞாண் கயிறுதான் கிடைத்தது. அது அறுந்து, அவன் துவைகல்லில் தலை மோதி விழுந்தான்.

எங்களில் செத்தவனுக்குத்தான் அரைஞாணை அறுப்பார்கள். அவனுக்கு மூச்சு இருந்தது. அதனால் முதலில் கயிற்றைத்தான் கட்டினேன். பாதியில் கண் திறந்து, "உடுங்கண்ணா" என்றான். முடிச்சை இறுக்கிவிட்டுத்தான் கையை எடுத்தேன். பிறகு அவனைத் தூக்கிப்போய்க் கிணற்றில் விட்டேன். எங்கள் வீட்டுக் கிணறுதான். வெளியூருக்கு அனுப்பவில்லை.

மூட்டையைப் பிரித்து, அவன் துணிகளைப் பெட்டியில் மடித்து வைத்தேன். தறிக்குத் திரும்பி, விட்ட இழையிலிருந்து பிணைத்தேன்.

தாய்வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளப் போயிருந்த அவன் மனைவி கந்தம்மாள் வந்து, கிணற்றில் அவனைக் கண்டு அலறினாள். தண்ணீர் இறைக்கும்போது வழுக்கி விழுந்தான் என்றது ஊர். நானும் அழுதேன், ஐயா. அது பொய்யழுகை இல்லை.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் நீங்கள், பிணத்தின் இடுப்பிலிருந்து எடுத்த கயிற்றை அவளிடம் காட்டினீர்கள். "காலையிலதானுங்க புதுசா கட்டிக்கிட்டாரு. முன்னாடி ஒரே முடிச்சுங்க. பின்னாடி ஏதுங்க இன்னொண்ணு?" என்றாள். நீங்கள் ஊசியால் அந்த முடிச்சைப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தீர்கள். உள்ளே சாம்பல். அவ்வளவு தண்ணீரும் அதைக் கரைக்கவில்லை. என் முடிச்சு அப்படி.

"நெசவுக்காரன் ஊடுங்க. எங்கே தொட்டாலும் சாம்பல்தானுங்க" என்றேன்.

"தொட்டவன் எதையாவது விட்டுட்டுப் போவான், அருணகிரி. எதையாவது எடுத்துக்கிட்டும் போவான். நீ எடுத்துக்கிட்டுப் போனது எங்கேன்னு பார்ப்போம், வா" என்று என்னைத் தறிக்கு முன் நிறுத்தினீர்கள்.

வெள்ளைப் பாவு. நடுவில் சில பிணைப்புகள் மட்டும் சிவந்திருந்தன. அப்புறம் மெல்ல வெளுத்து மறுபடி வெள்ளை. அந்தப் புதுச் சிவப்பு அரைஞாண் கயிற்றின் சாயம் வேர்வையில் கசிந்து என் விரலில் ஒட்டியிருக்கிறது. நான் கையைக் கழுவவே இல்லை. பாவு பாதியில் நின்றால் எனக்கு இருப்புக்கொள்ளாது.

அந்த இழைகளைச் சாட்சியத்துக்கென்று கத்தரிக்கச் சொன்னீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. வெட்டாதீர்கள், எல்லாம் சொல்கிறேன் என்றேன்.

இந்த லாக்கப் எனக்கொன்றும் கஷ்டமில்லை. தறிக்குழியைவிட அகலம். எதிரே உட்காரத்தான் ஆள் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். காளியண்ணனை உயிரோடு கிணற்றில் போட்டது நான்தான். ஆனால் குடும்பத்தை அறுத்துக்கொண்டு போகப் பார்த்தவன் அவன், ஐயா. நான் பிணைக்கத்தான் செய்தேன்.