டிரில் சாவி

பாகலூர் போகும் பஸ்ஸில், கம்பெனிச் சீருடை போட்ட இரண்டு பெண்கள் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்கூட்டுக்காரரு டிரில்லு மெஷினை வீட்டுல வச்சிட்டு, அதோட சாவியை மட்டும் டூட்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டாருக்கா" என்றாள் சின்னவள்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் எங்கே வரும்?

"எதுக்குடி?"

"சாவி போட்டுத் திருகாம, ஓட்டை போடுற பிட்டை மெஷின்ல இறுக்க முடியாதில்ல. நேத்து ஆடுற ஸ்டூல்ல ஏறி, சுவிட்சுக்கு நேர் மேல ஓட்டை போடப் போனேன். உள்ள வயரு ஓடுதுன்னு பதறிட்டாரு."

"பதறாம என்ன பண்ணுவாரு?"

சின்னவள் கைப்பையைத் திறந்து புதுச் சாவி ஒன்றை எடுத்துக் காட்டினாள்.

"அடிப்பாவி! இன்னிக்கே போடப் போறியா?"

"இல்லக்கா. ஞாயித்துக்கெழமை, அவரு காட்டுற எடத்துலதான். ஸ்டூலை அவரு புடிக்கட்டும். டிரில்லை நான்தான் புடிப்பேன்."