சுண்டுவிரலுக்கு ஓர் இடம்

வலது கைச் சுண்டுவிரலுக்கு ஒரு வேலை உண்டு என்பதே எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது, இன்ஸ்பெக்டர் சார். கோல்ஃப் மட்டையைப் பிடிக்கும்போது அது இடது கையின் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் இரண்டு கையும் ஒரே கை மாதிரி வேலை செய்யும். முதல் நாள் பயிற்சியாளர் முதஸ்ஸிர்தான் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து அதனதன் இடத்தில் வைத்தார். முடிவெட்டுகிறவரைத் தவிர ஒருவர் என்னைத் தொட்டு வெகுகாலமாகியிருந்தது. கண் கலங்கியதை அவர் வியர்வை என்று நினைத்திருப்பார்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கிருஷ்ணமூர்த்தி, கிச்சா என்பார்கள். மேற்கு மாம்பலத்தில் சின்ன ஃப்ளாட். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கிறேன். மனைவி சுப்புலக்ஷ்மி, பெங்களூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனாள். சண்டை எதுவும் இல்லை. திரும்பி வரவில்லை, அவ்வளவுதான். மகள் மஹதிதான் என்னை இந்த வகுப்பில் சேர்த்துவிட்டாள். "ஆத்துலயே உக்காந்துண்டு அம்மாவுக்கு ஃபோன் மேல ஃபோன் போட்டுண்டு இருக்காதேப்பா. எங்கயாவது வெளில போயேன்" என்றாள். நல்ல பெண்.

கொட்டிவாக்கத்தில் வலை கட்டிய பயிற்சித் திடல் அது. சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு வகுப்பு. முதஸ்ஸிர் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர், ராயப்பேட்டைக்காரர், குரலை உயர்த்தவே தெரியாது. "ஷேர் ஆட்டோ கம்பியப் புடிக்கிற மாதிரி புடிக்காதீங்க சார். கொழந்த கையப் புடிச்சிக்கினு ரோடு தாண்டுவீங்கல்ல, அந்த மாதிரி. நசுக்கவும் கூடாது, உடவும் கூடாது" என்பார். நான் நசுக்குவேன். அவர் சிரித்துக்கொண்டே விரல்களைப் பிரித்து மறுபடி வைப்பார்.

உண்மையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன், அதனால் இதையும் சொல்கிறேன். கொஞ்ச நாளிலேயே எனக்குப் பிடி வந்துவிட்டது. வீட்டுக் கூடத்தில் குடையை வைத்துக்கொண்டு தினமும் பழகினேன். முதஸ்ஸிர் வேறு யாரையாவது கவனிக்கும்போது நான் அடித்த பந்து நேராகக் கடைசி வலை வரை போகும். அவர் என் பக்கம் திரும்பினால் பந்துக்கு முன்னால் தரையைக் கொத்துவேன். வந்துவிட்டது என்று தெரிந்தால் விரலை யார் பிடித்து வைப்பார்கள்? எனக்குத் தனிமையாக இருந்தது, சார். அதைச் சொல்ல வெட்கமில்லை.

அந்தத் திடலில் ஒரு பழக்கம் உண்டு. புதிதாகக் கற்பவர்கள் குனிந்து குனிந்து எழுந்தால் நிற்கும் நிலை கலைந்துவிடும் என்று, பயிற்சியாளரே எதிரில் குந்தி உட்கார்ந்து ரப்பர் குமிழின் மேல் பந்தை வைப்பார். வைத்துவிட்டு நகர்ந்துபோய் "ம்" என்பார். அதற்குப் பிறகுதான் மட்டையைத் தூக்க வேண்டும். நான் ஒருநாளும் அந்த "ம்"முக்கு முந்தியதில்லை.

ரம்ஜான் நோன்பு தொடங்கிய வாரம், பந்தை வைத்துக்கொண்டே சொன்னார்: "சார், மஸ்கட்ல வேலை கெடச்சிருக்கு. பெருநாள் முடிஞ்சதும் கெளம்புறேன். ஜுவேரியாவையும் அப்பறமா கூட்டிக்குவேன். நீங்க கவலைப்படாதீங்க, உங்கள ஆதில் பாத்துப்பான்."

ஜுவேரியா அவர் மனைவி. ஆதில் பக்கத்து வலையில் சொல்லிக் கொடுப்பவர். ஊருக்குப் போகிறவர்கள் பூந்தொட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்களே, அப்படிச் சொன்னார். எனக்கு வலித்தது. வாழ்த்துச் சொன்னேன்.

அடுத்த சனிக்கிழமை வழக்கம்போலக் குந்தி உட்கார்ந்து பந்தை வைத்தார். அவர் விரல்கள் இன்னும் பந்தின் மேல்தான் இருந்தன. நான் மட்டையை இறக்கினேன். சத்தம் சின்னதுதான்.

ஆட்டோவில் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என் தோளில் சாய்ந்திருந்தார். அவருடைய இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன். அடையாறில் சிக்னல் விழுந்து வெகுநேரம் நின்றோம். அவ்வளவு பக்கத்தில் யாரும் என்னோடு உட்கார்ந்து வந்ததில்லை. அந்த வலியிலும் அவர் சொன்னார்: "உங்க மேல தப்பில்ல சார். பழகாதவங்க கை, முந்திடும். நான்தான் ஒழுங்கா சொல்லிக் குடுக்கல."

மூன்று விரல் எலும்புகள் பொடியாகிவிட்டன. மஸ்கட் வேலை போய்விட்டது. அது ஒருவிதத்தில் நல்லதுதான்; அந்த வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. தினமும் ராயப்பேட்டைக்குப் போய் வருகிறேன். பழம் வாங்கிக்கொண்டு போவேன். முதலில் உள்ளே விட்டார்கள். இப்போது ஜுவேரியா கதவைப் பாதி திறந்து, "அவரு யாரையும் பாக்க மாட்டேங்கறாரு சார். தினமும் வராதீங்க, ப்ளீஸ்" என்கிறாள். பாவம், வீட்டு வேலையும் பார்த்துக்கொண்டு அவரையும் கவனிப்பதென்றால் அலுப்பு இருக்கத்தானே செய்யும்.

ஆனால் நேற்று ஆதில் ஒன்று சொன்னார். அதைக் கேட்டதும்தான் இங்கே கிளம்பி வந்தேன். கை ஆறினாலும் இனிமேல் யாருக்கும் சொல்லித்தரப் போவதில்லை என்று முதஸ்ஸிர் முடிவெடுத்துவிட்டாராம். ஒரு மாணவனுக்கு எப்போது மட்டையைத் தூக்க வேண்டும் என்றுகூடப் புரிய வைக்க முடியாத நான் என்ன வாத்தியார் என்று அழுதாராம். இரவு முழுவதும் எனக்குத் தூக்கமில்லை. ஒரு நல்ல மனிதர் செய்யாத தப்புக்குத் தன்னை நொந்துகொள்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, சார்?

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். கை முந்தவில்லை. பிடி சரியாக இருந்தது, தலை ஆடவில்லை, கண் குறியை விட்டு விலகவில்லை. அவர் விரல்களைப் பார்த்துத்தான் அடித்தேன், விரல்களில்தான் பட்டது. அவர் சொல்லிக் கொடுத்ததில் ஒரு குறையும் கிடையாது. இதை நீங்களே நேரில் போய் அவரிடம் சொல்ல வேண்டும். எனக்குக் கதவு திறப்பதில்லை. கேட்டால் அவருக்கு மனபாரம் இறங்கிவிடும், மறுபடி சொல்லித்தர வந்துவிடுவார். சனிக்கிழமை ஆறு மணிக்கு நான் காத்திருப்பேன் என்றும் சொல்லிவிடுங்கள்.