நூற்று நாற்பத்து மூன்று பந்துகள்

திருமுழுக்குக்கும் திருவிழாவுக்கும் ஒரே வேகத்தில் ஓடி வந்து, இன்று இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் பங்குத் தந்தை அருள்திரு அனாஸ்தாசியோ அவர்களே! முப்பது ஆண்டுகளாக எங்கள் சாந்தா ரீத்தா ஊர் அணியைத் தோளில் சுமந்து வரும் பயிற்சியாளர் தோன் ஹில்பெர்த்தோ அவர்களே! ஆலைச் சங்கு ஊதும் முன்பே கண்விழித்து, எரிந்த கரும்பின் கரியை இன்னும் விரலிடுக்கில் வைத்திருக்கும் பெரியோர்களே! விடியலிலேயே வாழையிலையில் சோளமாவு நக்கத்தமால் கட்டி வேகவைத்து, வீட்டாருக்கெல்லாம் பரிமாறி, தாங்கள் உண்ண மறந்து வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! ஆட்டத்தில் எதிரிகளாக வந்து, பந்தியில் உறவினர்களாக முந்திக்கொள்ளும் எல் ஹீக்காரோ ஊர்க்காரர்களே! சிரியுங்கள், சிரியுங்கள், உங்களைத்தான் சொன்னேன். உங்கள் அனைவரையும் நம் பாதுகாவலி புனித ரீத்தாவின் பெயரால் வணங்குகிறேன்.

என் மகன் எலியேசரின் பெயரை இந்த மைதானத்துக்குச் சூட்டுகிறீர்கள். பெற்ற வயிறு குளிர்ந்திருக்கிறது. அவன் மெக்சிகோவில், ஒரு தொழில்முறை பேஸ்பால் அணியில் பந்து வீசுகிறான். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு ஐந்து வாரங்கள் ஆகின்றன. அவனால் வர முடியவில்லை. அதனால் பங்குத் தந்தை என்னிடம் வந்தார். "பையன் எப்படி வளந்தான்னு நீங்களே சொல்லிடுங்க, தோன்யா தொமித்திலா. பத்து நிமிஷம் போதும்" என்றார்.

எப்படி வளர்ந்தான்? அதை மட்டும் சொல்லிவிட்டு இறங்கிவிடலாமா? அவன் எப்படி உடைந்தான் என்பதை யார் சொல்வது?

தோன் ஹில்பெர்த்தோ, தலையைக் குனியாதீர்கள். இது உங்களைப் பற்றிய பேச்சு அல்ல. என்னைப் பற்றியது. பிறகு, நம் எல்லோரையும் பற்றியது.

ஆறு ஆண்டுகளுக்கு முன்னால், இதே திருவிழா, இதே மைதானம், இதே எல் ஹீக்காரோ. எலியேசருக்குப் பதினேழு வயது. அவன் எறிந்த பந்து புறப்படுவது தெரியும். போய்ச் சேர்வது காதுக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை சினாந்தேகா நகரத்து விளையாட்டரங்கில் அவனைப் பார்க்க வடக்கிலிருந்து, பெரிய அணிகளுக்கு ஆள் தேடும் ஒரு தேர்வாளர் வருவதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நம் விழா ஆட்டம். தோன் ஹில்பெர்த்தோ எங்கள் வீட்டு வாசலில் நின்று வாக்குக் கொடுத்தார். "மூணே மூணு இன்னிங்ஸ், தோன்யா. ஊர் ஆசைக்கு ஒரு தலையக் காட்டிட்டு வந்துரட்டும்."

நான் பள்ளிக்கூடம் போகாதவள். எழுத்தை ஜெபப் புத்தகத்தில் கற்றேன். எண்களைச் செய்தித்தாளின் ஆட்ட அட்டவணையில் கற்றேன். ஆனால் எண்ணத் தொடங்கினால் தவறவிட மாட்டேன். என் மகன் எறியும் ஒவ்வொரு பந்துக்கும் ஒரு சோள மணியை மேலங்கியின் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றுவேன். ஆலை மருத்துவர் சொல்லியிருந்தார்: "இந்த வயசுக் கைக்கு ஒரு நாளைக்கு எழுபத்தஞ்சு போதும்." ஆகவே எழுபத்தைந்து மணிகள்தான் கொண்டு வருவேன்.

மூன்று இன்னிங்ஸ் முடிந்தது. நாற்பத்தொன்று. ஆட்டம் சமநிலை. நான்காவதுக்கும் அவன்தான் வந்தான். ஐந்தாவதுக்கும் அவன்தான். ஆறாவதில் என் வலது பை காலியாகிவிட்டது.

நான் எழுந்தேன். அன்பர்களே, எழுந்தேன்! மூன்றாம் தளத்துக்குப் பின்னால் இருக்கும் கம்பி வேலி வரைக்கும் நடந்தேன். வேலியருகே யாரோ கேட்டார்கள், "என்ன தோன்யா, நீங்களே வந்து வீசப் போறீங்களா?" சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எலியேசர் பந்து வீசும் மேட்டிலிருந்து என்னைப் பார்த்தான். தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு மெல்லத் தலையை ஆட்டினான். போங்கம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள். பக்கத்திலிருந்த ஒருத்தி என் தோளைத் தொட்டு, "உங்க மகன் கைய ரீத்தாம்மாவே புடிச்சிருக்கா, உக்காருங்க" என்றாள்.

உட்கார்ந்தேன்.

பயந்தா உட்கார்ந்தேன்? இல்லை. மரியாதைக்காகவா உட்கார்ந்தேன்? இல்லை. பெருமையால் உட்கார்ந்தேன். "எலியேசர்! எலியேசர்!" என்று நீங்கள் கூவிய கூச்சல் எனக்குத் தேனாக இருந்தது. இடது பையிலிருந்த மணிகளை மீண்டும் வலது பையில் கொட்டிக்கொண்டு, முதலிலிருந்து எண்ணத் தொடங்கினேன். இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணு என்று கத்தினீர்கள். ஒவ்வொரு முறையும் அவன் இன்னும் ஒன்று கொடுத்தான். பதினோராவது இன்னிங்ஸில் ஆட்டம் முடிந்தது. நாம் வென்றோம். நூற்று நாற்பத்து மூன்று பந்துகள்.

அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வரைக்கும் போனீர்கள். நான் பின்னால் நடந்தேன். அன்று காலை நான் ஏற்றிய மெழுகுவர்த்தி அங்கே இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை ஏற்றும்போது நான் எதைக் கேட்டிருந்தேன் தெரியுமா? வெற்றியைக் கேட்டிருந்தேன். கையைக் கேட்கவில்லை. புனித ரீத்தா கேட்டதைக் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை நகரத்தில் அவன் பதினோரு பந்துகள் எறிந்தான். பதினோராவது பந்து பிடிப்பவனுக்கு மேலே, வெகு மேலே போய் வலையில் விழுந்தது. என் மகன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். தேர்வாளர் குறிப்பேட்டை மூடினார். அவர் கெட்டவர் அல்ல. அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு தோன் ஹில்பெர்த்தோவிடம் திரும்பி, "வேற பையன் யாராச்சும் கூட்டிட்டு வந்திருக்கீங்களா?" என்று கேட்டார்.

நாங்கள் பேருந்தில் திரும்பினோம். சன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தான். வழி நெடுகக் கரும்பு, கரும்பு, கரும்பு.

கோயில் வரைக்கும் தூக்கிப் போன தோள்களே! அதன்பின் எங்கே போனீர்கள்? முதல் வாரம் மூன்று பேர் வந்தீர்கள். இரண்டாம் வாரம் ஒருவர், அதுவும் கடன் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்க. மூன்றாம் வாரத்திலிருந்து எங்கள் வாசலில் கோழிகள்தான் நடந்தன. முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டது என் காதுக்கு வந்தது. "கை நல்லாத்தான் இருந்துச்சு. மனசுலதான் தெம்பில்ல." பதினேழு வயதுப் பையன் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றதைப் பார்த்திருந்தால் அப்படிப் பேசியிருப்பீர்களா? நான் போட்டுவிடப் போனால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வான். அவன் அப்பா கோஸ்தாரிக்காவுக்குக் காபிக்கொட்டை பறிக்கப் போய் நான்கு அறுவடை முடிந்திருந்தது. ஆக, ஒரு வீட்டில் நாங்கள் இரண்டே பேர்.

ஒரு வருடம் பந்தைத் தொடக்கூடாது என்றார் மருத்துவர். தொடவில்லை. ஒரு வருடமும் ஒரு நாளும் கழிந்து, காலையில் கையுறையை எடுத்துக்கொண்டு புறப்பட்டான். மைதானத்துக்கு வரவில்லை. ஊருக்கு வெளியே, பருத்திச் சாகுபடி போன பிறகு பூட்டிக் கிடக்கும் பழைய கிடங்குக்குப் போனான். அதன் சுவரில் ஒரு சன்னலைப் பலகை அடித்து மூடியிருப்பார்கள் அல்லவா? மட்டையாளனின் முழங்காலிலிருந்து மார்பு வரைக்கும், பந்து கடக்க வேண்டிய அதே அளவு. அந்தப் பலகைதான் அவனுக்கு எதிரி. அந்தப் பலகைதான் அவனுக்குத் துணை.

நானும் போனேன். திரும்பிப் பார்த்துச் சொன்னான்: "பாக்காதீங்கம்மா."

"ஏன்டா?"

"நீங்க பாத்தா வேகமாப் போடுவேன்."

இப்படி ஒரு சொல்லை ஒரு தாய் கேட்கக் கூடாது. கேட்டேன். ஒரு கல்லின்மேல், அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தூரத்து எரிமலையைப் பார்த்து உட்கார்ந்தேன். அன்றிலிருந்து இரண்டு ஆண்டுகள், அன்பர்களே, என் மகன் எறிந்த ஒரு பந்தையும் நான் கண்ணால் பார்க்கவில்லை! காதால் எண்ணினேன். பந்து பலகையில் பட்டால் டொக் என்று ஒரு மரச் சத்தம். குறி தப்பினால் கல் சத்தம். முதல் நாள் பதினைந்து பந்துகள். மரம் இரண்டு, கல் பதின்மூன்று. நோட்டில் எழுதினேன். நாற்பதாம் நாள் இருபது பந்துகள், மரம் ஒன்பது. மழைக்காலத்தில் பலகை ஊறிச் சத்தம் மாறிவிடும். அப்போது இன்னும் கூர்ந்து கேட்டேன். அந்தப் பரந்த பொட்டலில் முதுகும் முதுகுமாய் நாங்கள் இருவர். வேறு ஆள் கிடையாது. கிடங்குக் கூரைமேல் கழுகுகள் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவன் மூச்சை இழுத்து எறியும் ஓசை கேட்டது. ஆனால் சத்தம் வரவில்லை. கை மீண்டும் போய்விட்டது, விழுந்துவிட்டான் என்றே நினைத்துவிட்டேன். அப்புறம் வந்தது, மிகத் தாமதமாக: டொக்.

"எலியேசர்! என்னடா ஆச்சு?"

முதல் முறையாக அவன் சிரித்தான். "ஒண்ணும் ஆகல. உங்களையே ஏமாத்திட்டேன்ல? கை வேகமா வரும், பந்து மெதுவா வரும். அடிக்கறவன் முன்னாடியே சுத்திட்டு நிப்பான்."

வேகம் போய்விட்டது. திரும்பி வரவும் இல்லை. வேகம் போன இடத்தில் விவேகம் வந்து உட்கார்ந்தது. கைதட்டுகிறீர்கள், தட்டுங்கள். ஆனால் அன்றைக்குத் தட்ட அங்கே ஒரு கை இருந்ததா?

இருபது வயதில் மூன்று தேர்வு முகாம்களுக்குப் போனான். பதினாறு வயதுப் பிள்ளைகளைத் தேடி வருபவர்கள் அவர்கள். ஒருவர் வயதைக் கேட்டுவிட்டு, "இருபதா? தாத்தா, வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போய்ப் பேரனப் பாருங்க" என்றாராம். திரும்பி வந்து அதை என்னிடம் நடித்துக் காட்டினான். இருவரும் சிரித்தோம். பிறகு அவன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனான், நெடுநேரம் கழுவினான்.

கடைசியில் மாவட்ட அணி ஒரு வேலை கொடுத்தது. என்ன வேலை? ஆட்டத்துக்கு முன்னால் மட்டையாளர்கள் அடித்துப் பழக, பந்து போட்டுக் கொடுக்கும் வேலை. சட்டை உண்டு, முதுகில் எண் கிடையாது. ஆட்டம் தொடங்கினால் அவன் வேலிக்கு வெளியே. ஒரு வருடம் அப்படி நின்றான். பேருந்துகளில் தூங்கினான். ஒருநாள் பொறுக்க முடியாமல், பழக்கத்துக்குப் போட்ட பந்துகளுக்கு நடுவில் அந்த மெதுப் பந்தைப் போட்டிருக்கிறான். அணியின் பெரிய மட்டையாளர் காற்றை அடித்தார். மீண்டும் போட்டான். மீண்டும் காற்று. அவர் மட்டையைத் தரையில் வீசிக் கத்தினார்: "டேய்! நாங்க அடிக்கத்தான்டா உன்ன வெச்சிருக்கு! எங்கள ஏமாத்தறதுக்கு இல்ல!"

பயிற்சியாளர் காதில் அந்தத் திட்டு விழுந்தது. திட்டா அது? என் மகனுக்குக் கிடைத்த முதல் நற்சான்று! அடுத்த வாரம் அவன் முதுகில் எண் வந்தது. இரண்டு பருவம் அந்த எண்ணோடு ஆடினான். அதைப் பார்த்துத்தான் மெக்சிகோக்காரர்கள் அழைத்தார்கள்.

போன ஞாயிறு தொலைபேசியில் பேசினான். முதன்முதலாக ஆட்டத்தில் இறக்கினார்களாம், கடைசி இன்னிங்ஸில். "எட்டாயிரம் பேரும்மா. ஒருத்தருக்கும் நான் யாருன்னு தெரியாது. சோறு ஆக்கிக்கத் தெரியல, அறையில பேச ஆளில்ல." ஜெயித்தாயா என்று நான் கேட்கவில்லை. எத்தனை என்று கேட்டேன். "பதினாலு" என்றான். நோட்டில் எழுதிக்கொண்டேன். இங்கே இந்த விழா நடப்பதைச் சொன்னேன். "யாரையும் திட்டாதீங்கம்மா. நானுந்தான் அன்னிக்குத் தலைய ஆட்டுனேன்" என்றான்.

நான் திட்டவில்லை. கேட்கிறேன். அதோ, புதிதாக வண்ணம் பூசிய ஆட்டக் கணக்குப் பலகை. ஓட்டத்துக்குக் கட்டம் உண்டு. அடித்த அடிக்குக் கட்டம் உண்டு. செய்த பிழைக்கும் ஒரு கட்டம் உண்டு. ஒருவன் பந்தை நழுவவிட்டால் ஊருக்கே தெரியும்படி தொங்கவிடுகிறோம். வீசியவன் கையிலிருந்து எத்தனை பந்துகள் போயின என்பதற்குக் கட்டம் எங்கே? நான் மட்டும் மேலங்கிப் பையில் எண்ணியதால், என்னால் மறைக்க முடிந்தது. என்னிடமிருந்தே மறைக்க முடிந்தது! ஊர் முழுக்கப் பார்க்கும்படி எண்ணினால் யாரால் மறைக்க முடியும்?

என் மகன் பெயர் மேலே இருக்கட்டும். அதற்குக் கீழே இரண்டு ஆணிகள் அடிக்க, பங்குத் தந்தையிடம் அனுமதி வாங்கிவிட்டேன். ஒன்று நமக்கு, ஒன்று எல் ஹீக்காரோவுக்கு. அவர்கள் பிள்ளையின் கையும் கைதானே? தகரத்தில் எண்கள் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். இந்த ஆட்டத்தில் நான் நிழலில் உட்காரப் போவதில்லை. அந்தப் பலகையடியில், வெயிலில், தனியாக நிற்பேன். ஒவ்வொரு பந்துக்கும் எண்ணை மாற்றுவேன். எழுபத்தைந்து வரும்போது நான் கத்த மாட்டேன். களத்துக்குள் ஓடி வர மாட்டேன். ஒதுங்கி நிற்பேன், எண் உங்களுக்குத் தெரியும்படி. அப்போதும் 'இன்னும் ஒண்ணு' என்று கத்தத் தோன்றினால், கத்துங்கள். அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே கத்துங்கள்!

பொறுமையாகக் கேட்ட தாய்மார்களுக்கும், எழுந்து போகாமல் இருந்த பெரியோர்களுக்கும், கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் தோன் ஹில்பெர்த்தோ அவர்களுக்கும், பத்து நிமிடத்தைத் தாண்டியும் மணியடிக்காத தந்தைக்கும் என் நன்றி. புனித ரீத்தா எல்லாப் பிள்ளைகளின் கைகளையும் காப்பாளாக. வணங்கி விடைபெறுகிறேன். ஆட்டம் தொடங்கட்டும்.