இருநூற்றுப் பதினோராம் நாள்

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு, ஐயா. மதியச் சோறு சூடாகக் கிடைக்கும். ஒன்றேகால் மணிக்கெல்லாம் என் மனைவி பூவிழி தட்டைக் கம்ப்யூட்டர் மேஜைக்கே கொண்டுவந்து வைத்துவிடுவாள். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே இன்னொரு கையால் வேலையைக் கவனிப்பேன். ஆனந்தம்மாள் செத்த அன்றைக்கும் அப்படித்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முருங்கைக்காய் சாம்பார்.

என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டிருக்கிறீர்கள். குற்றவாளி என்று அந்த அம்மாவின் கணவர் சவரிராயனை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவர் உள்ளே இருக்க வேண்டிய ஆள் இல்லை. அது ஏன் என்று வரிசையாகச் சொல்கிறேன். பெயர் கார்த்திகேசன், ஊர் பிரம்மதேசம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

மரக்காணம் உப்பளத்து ஓரம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறதே, முன்பு உப்பு மூட்டை அடுக்கியிருந்த இடம், அதற்குள் நூற்றிருபது கம்ப்யூட்டர்கள் ஓடிக்கொண்டிருந்தன. கிரிப்டோ காசு எடுக்க ஓயாமல் கணக்குப் போடுகிற மெஷின்கள். முதலாளி சென்னையில் இருக்கிறார். நான் என் வீட்டு மாடியில் இருக்கிறேன். மெஷினை ஓட்டுவது, நிறுத்துவது, நெட் போனால் எங்கே போயிற்று என்று தேடிச் சரிசெய்வது எல்லாம் இங்கிருந்தே நடக்கும். கொட்டகையின் உள்ளும் புறமும் கேமராவில் பார்த்துக்கொள்வேன். கொட்டகையில் ஆள் என்று இருந்தது அனுமந்தைக்காரரான சவரிராயன் ஒருவர்தான். கையால் தொட வேண்டிய வேலை என்றால் நான் போனில் சொல்வேன், அவர் செய்வார்.

உப்புக் காற்று எதையும் விட்டுவைக்காது. நெட் ஒயர் போய்ச் சொருகுகிற இடத்தில் பாசி மாதிரி பச்சை பிடித்துவிடும், மெஷின் காணாமல் போய்விடும். “ரெண்டாவது வரிசை, ஏழாவதுண்ணே. ஒயரப் புடுங்கி ரப்பரால தேய்ச்சிட்டுச் சொருவுங்க. பச்சை லைட்டு கண்ணடிக்குதா?” என்பேன்.

“அடிக்குது சார். இந்த வயசுல என்னைப் பார்த்து இது ஒண்ணுதான் கண்ணடிக்குது.”

“ஆமா, இவரு பெரிய மன்மதன்” என்று, அவருக்குச் சோறு கொண்டுவந்திருக்கும் ஆனந்தம்மாளின் குரல் பின்னாலிருந்து கேட்கும்.

நல்ல மனுஷர். சொன்னதைச் சொன்னபடி செய்வார். அதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று.

முதலாளிக்கு வெவ்வேறு ஊர்களில் பதினோரு கொட்டகைகள். தினமும் காலையில் எங்கள் வாட்ஸ்அப் க்ரூப்பில் ஒரு பட்டியல் வரும், எந்தக் கொட்டகை எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று. முதல் வருஷம் முழுக்க நான்தான் கடைசி. மற்றக் கொட்டகைகளை ஓட்டுகிறவர்கள் என்னை ‘உப்புமூட்டை’ என்றே கூப்பிட்டார்கள். நானும் பதிலுக்குச் சிரிக்கிற பொம்மை போடுவேன். உள்ளுக்குள் எரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து இன்றுவரை நான் எதிலும் முதலாக வந்தவன் இல்லை, ஐயா.

எல்லாவற்றுக்கும் காரணம் மெயின் போர்டிலிருந்த ட்ரிப்பர். எங்காவது கரண்ட் கசிந்தால் தானாக விழுந்து மொத்தத்தையும் நிறுத்திவிடும். உப்பும் ஈரமுமாக இருக்கிற இடத்தில் கசியாமல் இருக்குமா? வாரத்துக்கு மூன்று தடவை விழுந்தது. ஏப்ரல் இருபத்தேழாம் தேதி, அதை விட்டுவிட்டு லைனை டைரக்டாகக் கொடுத்துவிடும்படி சவரிராயனிடம் சொன்னேன். எந்த ஒயரைக் கழற்றி எங்கே மாட்ட வேண்டும் என்று வீடியோ காலில் காட்டினேன்.

“ஆபத்துக்குத்தான சார் இத வெச்சிருக்காங்க?” என்றார்.

“அது வீட்டுக்குண்ணே. இங்க யாரு இருக்கா, மெஷின்தானே.”

மாட்டிவிட்டார். மறுநாளிலிருந்து என் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. ஆகஸ்டில் பட்டியலில் முதலாக வந்தேன். பூவிழியிடம்கூடக் காட்டினேன், அவளுக்குப் புரியவில்லை.

ஜூலையிலேயே அவர் சொன்னார், “கதவத் தொட்டா சுள்ளுனு இருக்குது சார்” என்று. செருப்புப் போட்டுக்கொண்டு திறக்கச் சொன்னேன். செப்டம்பரில் “இழுக்குது சார்” என்றார். ரப்பர் கையுறை ஒரு ஜோடி வாங்கி அனுப்பினேன். அக்கறை இல்லாதவன் அனுப்புவானா? ட்ரிப்பரைத் திரும்ப மாட்டினால் எண்ணிக்கை அறுந்துபோகும், அதனால் அதைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. உப்பளம் முழுக்கத் தண்ணீர், கருவாடு போட வெயில் இல்லை. கொட்டகையின் பின்பக்கம் பெரிய ஃபேன்கள் மெஷின் சூட்டை வெளியே தள்ளும். அவற்றின் முன்னால் இரும்புக் கிரில் இருக்கும். அந்த அனல் காற்றைப் பார்த்ததும் ஆனந்தம்மாளுக்கு யோசனை வந்துவிட்டது. வாளை மீனைக் கோத்துக் கிரில்லில் வரிசையாகத் தொங்கவிட்டார். இரண்டே நாளில் காய்ந்துவிடுகிறது என்று சவரிராயன் பெருமையாகச் சொன்னார். “உங்களுக்கு ஒரு கட்டு குடுத்தனுப்பட்டுமா சார்?” என்று கேட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே சூடு ஒரு டிகிரிதான் ஏறியது, கேமராவில் வாசனையும் வராது. அதனால் விட்டுவிட்டேன்.

கதவும் கிரில்லும் ஒரே இரும்புச் சட்டம். கதவு இழுத்தால் கிரில்லும் இழுக்கும். அது எனக்குத் தெரியும். அந்த அம்மா ரப்பர் செருப்புப் போட்டிருந்ததைக் கேமராவில் பார்த்தேன், அது போதும் என்று நினைத்தேன்.

நவம்பர் இருபத்து நான்காம் தேதி, மதியம் ஒன்று இருபத்திரண்டு. மழை விட்டிருந்தது. ஆனந்தம்மாள் ஈர மீனோடு வந்தார். சேற்றில் செருப்பு மாட்டிக்கொள்ளவே இரண்டையும் கழற்றி ஓரமாகப் போட்டார். அதையும் பார்த்தேன். ஒரு போன் போட்டிருக்கலாம். என்ன ஆகிவிடப் போகிறது என்று அடுத்த கவளத்தைப் பிசைந்தேன். இரண்டு கையாலும் கிரில்லைப் பிடித்தார், பிடித்த கையை விடவில்லை. முதலில் மீன் கட்டுகிறார் என்றுதான் நினைத்தேன். தலை பின்னால் சாய்ந்தபோது புரிந்தது.

சவரிராயன் ஓடிவந்தார். உப்பு வாருகிற பலகைக் கட்டையால் தள்ளிப் பார்த்தார். வருஷக்கணக்கில் உப்புத் தண்ணீரில் ஊறிய கட்டை அது, அதிலேயே கரண்ட் ஏறி அவரைத் தூக்கி எறிந்தது. மெயினை அணைக்க உள்ளே போக வேண்டும். கதவைத் தொட்டார், அதுவும் எறிந்தது. கையுறை உள்ளே இருந்தது. அப்போதுதான் எனக்குப் போன் செய்தார்.

“சார், லைன அணைச்சுடு சார், எம் பொண்டாட்டி மாட்டிக்கினா, அணைச்சுடு சார்!”

அதுவரை அவர் என்னிடம் ஒருமையில் பேசியதே இல்லை. நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

மெயினை நிறுத்துகிற பட்டன் என் திரையின் மூலையிலேயே இருக்கும். ஒரு தட்டு தட்டினால் ‘நிச்சயமா?’ என்று கேட்கும். இன்னொரு தட்டு தட்டினால் நின்றுவிடும். என் கை சோற்றில் இருந்தது என்று முன்பு உங்கள் ஏட்டிடம் சொன்னேன். வலது கை சோற்றில்தான் இருந்தது. இடது கை மவுஸ்மேல் இருந்தது. முதல் தட்டு தட்டினேன். ‘நிச்சயமா?’ என்று கேட்டது. அதற்கு மேலே என் எண் இருந்தது, இருநூற்றுப் பதினொன்று.

“நெட் விட்டுப்போச்சுண்ணே. ட்ரை பண்றேன்” என்றேன்.

பத்து நொடி பார்ப்போம், தானாகக் கை விட்டுவிடும் என்றுதான் நினைத்தேன். பத்து நொடி போயிற்று. அதற்கப்புறம் நிறுத்தினால் ஏன் முதலிலேயே நிறுத்தவில்லை என்று கேட்பார்கள். ஒரு நிமிஷம் ஆனது, இரண்டு ஆனது, ஆக ஆக நிறுத்துவது இன்னும் முடியாத காரியமாகிவிட்டது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது, ஐயா. அவர் போனை வைக்கவே இல்லை. “வந்துச்சா சார், வந்துச்சா” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். “இன்னும் வரலண்ணே” என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். ஆறாவது நிமிஷம், துருப்பிடித்திருந்த கிரில் கம்பி பாரம் தாங்காமல் முறிந்தது. அந்த அம்மா சேற்றில் விழுந்தார். நான் கையைக் கழுவிக்கொண்டு வந்து திரும்ப உட்கார்ந்தேன்.

“என் கையாலதான் டைரக்ட் குடுத்தேன், என்னைப் புடிச்சு உள்ள போடுங்க” என்று அவரே உங்களிடம் வந்து சொன்னார் அல்லவா? கொடுக்கச் சொன்னது யார் என்று அவர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களிடம், “சாரு என்னா பண்ணுவாரு, நெட்டு இல்லாம துடிச்சுப் போயிட்டாரு” என்று மாதா கோயில் வாசலில் நின்று சொன்னாராம். அவர் மகள் ஜெனிதாதான் இதை எனக்குச் சொன்னாள். நர்சிங் படிக்கிற பெண்.

மறுநாள் உங்கள் ஆட்கள் வந்து ஃப்யூஸைப் பிடுங்கினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது. வெளியாள் நிறுத்தியது என்பதால் அது என் குறையாகச் சேராது. இதுவரை யாரும் அந்த எண்ணைத் தாண்டவில்லை.

போன வாரம் ஜெனிதா போன் செய்தாள். “சார், அன்னிக்கு நெட்டு போச்சுன்னு கம்ப்யூட்டர்ல பதிவு இருக்கும்ல? அது கெடைச்சா, அங்க எல்லாமே கெட்டுப்போய்க் கெடந்துது, அப்பா மேல மட்டும் தப்பு இல்லன்னு வக்கீல் பேசுவாராம். ஜாமீன் கெடைக்கும்னு சொல்றாரு சார்” என்றாள். அழவில்லை. அழுது முடித்த குரல்.

ஆறு நிமிஷம் நெட் இல்லை என்று ஒரு வரி சேர்ப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. சேர்த்திருந்தால் அவர் வெளியே வந்திருக்கலாம், நானும் வெறும் சாட்சியாகவே வீட்டுக்குப் போயிருப்பேன். அந்த ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். நெட் இல்லாத நேரமும் பட்டியலில் நின்றதாகத்தான் கணக்கு, அந்த வரி விழுந்தால் எண்ணிக்கை அங்கேயே அறுந்துவிடும். நடக்காததை நடந்ததாக எழுத எனக்கு மனசு வரவில்லை. உள்ளது உள்ளபடி அனுப்பிவிட்டேன். அதைத்தான் அவள் உங்களிடம் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், ஐயா. ஆனால் இதையும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆறு நிமிஷத்தில் என் பக்கத்துக் கனெக்ஷன் ஒரு நொடிகூட விடவில்லை.