கைதட்டும் கோர்ட்

கோர்ட்டில் கைதட்டுவார்கள் என்று கனடாவுக்கு வந்துதான் அறிந்தேன், தம்பி. போதை வழக்குகளுக்கென்று டவுன்டவுனில் தனியாக ஒரு கோர்ட். சிறைக்குப் பதில் சிகிச்சை. சிறுநீர்ப் பரிசோதனையில் போதை ஒன்றும் அகப்படாவிட்டால் நீதிபதியம்மா உட்பட எல்லோரும் கைதட்டுவார்கள். நம் ஊரில் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்குக்கூட இவ்வளவு உற்சாகம் இல்லை.

என் மகன் ஜூலியனும் அங்கே போனவன்தான். தாய் செலீன் புற்றுநோயில் கிடந்தபோது அவளுடைய வலி மாத்திரைகளை எடுத்துப் பழகினான். பிறகு அதற்காகக் கடைகளில் களவு. பிடிபட்டதும், ஸ்காபரோவில் என் வீட்டில், என் பொறுப்பில் இருக்கச் சொன்னது கோர்ட்.

ஒவ்வொரு வழக்குத் தவணைக்கும் கூடவே போனேன். ஒருநாள் நீதிபதி என்னை எழுந்து நிற்கச் சொல்லி, "மிஸ்டர் மரியரட்ணம், உங்களைப் போன்ற தகப்பன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை" என்றார். எனக்குக் கைதட்டினார்கள். மார்க்கம் நகரில் ஒரு தொழிற்சாலையில் ஆயுளைத் தேய்த்தவன் நான். அங்கே என் பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட ஒருவரும் மினக்கெட்டதில்லை. அதன்பிறகு தேவாலயத்தில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். தமிழ் வானொலியில் பேட்டி எடுத்தார்கள். பிள்ளைகளால் நொந்த தாய்தகப்பன்மார் என்னிடம் புத்தி கேட்டு வந்தார்கள்.

அந்த நேரம் பார்த்து ஜூலியன் சுகமாகிவிட்டான்.

"புரோகிராம் முடியப்போகுது அப்பா. ஒஷாவாவில வேலை கிடைச்சிட்டுது. அனோஜாவைக் கலியாணம் கட்டிக்கொண்டு அங்க போறன். நீங்கள் இனி ரெஸ்ட் எடுங்கோ."

ரெஸ்ட். எவ்வளவு நல்ல மனசு.

செலீன் போனபிறகு நான் ஒளித்துவைத்த அவளுடைய மாத்திரைகள் கொஞ்சம் மிச்சம் இருந்தன. ஒன்றை நசுக்கி அவனுடைய தேநீரில் கலந்தேன். பரிசோதனையில் அகப்பட்டது. "சத்தியமா நான் எடுக்கேல்லை" என்று அழுதான். எல்லாப் போதைக்காரரும் சொல்வதுதானே. "எடுத்தனான் எண்டு சொல்லு ராசா, அங்க உண்மைக்குத்தான் மதிப்பு" என்றேன். சொன்னான். உண்மை பேசியதற்காக அவனைப் பாராட்டினார்கள். கைவிடாமல் நின்றதற்காக என்னை.

அடுத்த முறை அவன் அழவில்லை. "எடுத்தது எனக்கே ஞாபகமில்லை. எனக்கு மண்டை பிழைச்சிட்டுதோ அப்பா?" என்று கேட்டான். அனோஜா விலகிப் போனாள். அவளையும் குறை சொல்லமுடியாது. எல்லோருக்கும் என் பொறுமை வராது.

போன கிழமை, சிகிச்சை நிலையத்திலேயே போய்த் தங்கப்போகிறேன் என்றான். வீடு சரிவரவில்லையாம். அங்கே யார் அவனுக்குத் தேநீர் போடுவார்கள்?

மிச்சமிருந்த எல்லாவற்றையும் போட்டேன். பழக்கம் விட்ட உடம்பு பழைய அளவைத் தாங்காது என்று பெற்றோர் வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். நான் ஒரு வகுப்பும் தவறவிட்டதில்லை.

பொலிஸில் நீங்கள் இதைக் கொலை என்கிறீர்கள், தம்பி. எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு மிடறு குடித்துவிட்டு, "கைக்குது அப்பா" என்றான். இன்னொரு கரண்டி சீனி போட்டு, நன்றாகக் கலக்கிக் கொடுத்தேன். தாயில்லாப் பிள்ளை. நான் பார்க்காமல் வேறு யார் பார்ப்பது?